காவல்காரன் இன்னும் சொல்லவில்லை

வாங்கினால் விளையாட வேண்டும், விளையாடினால் ஹாலில் உட்கார வேண்டும், ஹாலில் உட்கார்ந்தால் பாப்பா தெரியாது, அவ்வளவுதான் விஷயம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சாயங்காலத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆதிரை தூங்குகிறாள். வலது கை தலைக்கு மேலே, ஏதோ ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி, வாய் கொஞ்சம் திறந்து, நெஞ்சு ஏறி இறங்கி, ஏறி இறங்கி. இறங்கியபின் மறுபடி ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதில்தான் நான் அவள் பிறந்த நாளிலிருந்து குடியிருக்கிறேன். வாடகை கிடையாது, தூக்கமும் கிடையாது. ஏறியது. சரி. கையில் போன், போனில் அந்த விளம்பரம் இன்னும் திறந்தபடி: க்ரே ஃபெரி என்கிற கம்ப்யூட்டர் ஆட்டம், புது மெருகில், பழைய ஆட்டத்தை வாங்கியவர்களுக்குச் சலுகை, இன்றோடு கடைசி. படகின் முனையில் அந்தப் பெண் லாந்தரைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். சுற்றிலும் பனி. என் பழைய லேப்டாப்பில் பனி என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், அதற்கு மேல் அதற்குத் தெம்பு கிடையாது. இதில் பனி, இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் எழும்புகிற ஆவி போல் சுருண்டு சுருண்டு தண்ணீர் மேல் நடக்கிறது. அவளுக்கு மூக்கு இருக்கிறது. அவளோடு அத்தனை தீவுக்கும் துடுப்புப் போட்டவள் நான், ஆட்டத்தை முழுசாக முடித்தவள், அவளுக்கு மூக்கு இருந்தது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அந்த மூக்கோடு அவள் பனிக்குள் போவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுவதற்காக வாங்கிய பெரிய கம்ப்யூட்டர், மேஜையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பெட்ரூமில் கட்டிலும் தொட்டிலும் போக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடத்தான் இடம், அந்த ஸ்டூலில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். போனைத் தொட்டில் கம்பியில் கட்டி வீடியோவில் வைத்துவிட்டு ஹாலில் இருந்து பார்க்கலாமே என்று நேற்றுத் தோன்றி, செய்தும் பார்த்தேன். ஹாலில் உட்கார்ந்து அவருடைய பழைய போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஒரு தடவை உறைந்து நின்றது. நெட் போய்விட்டது என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது நான் ஓடிய ஓட்டத்தில் வாசற்படி நகத்தைப் பெயர்த்துவிட்டது.

அம்மா ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. பேச்சிமுத்துவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், மத்தியானம் போனால் நான் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்தபிறகுதான் பைக் சத்தம் கேட்கும். ஓசூரில் இந்த அடுக்குமாடியில் யாரையும் தெரியாது, எதிர் வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அக்கா மட்டும் பாப்பாவைப் பார்த்துச் சிரிப்பார். ஆக நான்தான் இருக்கிறேன். நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆதிரை மாசம் முழுசாகும் முன்பே அவசரப்பட்டுப் பிறந்தவள், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், நெஞ்சில் வயர் ஒட்டி, பக்கத்துத் திரையில் அவள் மூச்சு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் அந்தக் கோடு படுத்துக்கொண்டது. கத்தக்கூட எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் கலாவதியக்கா மெதுவாக நடந்து வந்தார், ஓடி வரவில்லை, பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டுப் பாப்பாவின் உள்ளங்காலில் ஒரு சுண்டு. கோடு எழுந்தது. "ஒண்ணுமில்லம்மா, கொறமாசப் பிள்ளைங்க அப்பப்ப மூச்சு விட மறந்துரும். ஒரு சுண்டு சுண்டுனா ஞாபகம் வந்துரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். மறந்துரும். காஸ் சிலிண்டரை மூட மறக்கிற மாதிரி, குடையை பஸ்ஸில் மறக்கிற மாதிரி. மூச்சை ஒருத்தியால் மறக்க முடியும் என்று எனக்கு யாரும் அதற்கு முன்னால் சொன்னதில்லை, கான்வென்ட்டில் பயாலஜி எடுத்த மிஸ்கூட, அது தானாக நடப்பது என்றுதான் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வயரை எல்லாம் கழற்றிவிட்டு, "இனிமே மறக்காதும்மா, இவ எல்லாப் பிள்ளை மாதிரிதான், நீங்க போய் நல்லாத் தூங்குங்க" என்றார். வயரைக் கழற்றினார்கள், நான் என் கண்ணை மாட்டிக்கொண்டேன். நான் பார்க்கிறவரை அவளுக்கு ஞாபகம் இருக்கும். இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன, கண்ணை எடுக்கும்போது வயிற்றுக்குள் ஒரு படி தவறுகிறது. இதில் அம்மா வேறு. கொஞ்சம் முன்னால் வீடியோவில் வந்தாள். "பிள்ளைய காட்டுட்டி." "தூங்குதும்மா." "அப்பக் காட்டாத. நீயும் பாக்காத. தூங்குற பிள்ளைய பெத்தவ உத்து உத்துப் பாக்கக் கூடாதுன்னு எத்தன மட்டம் சொல்ல? கண்ணு பட்டுரும்." "என் கண்ணா?" "ஒன் கண்ணுதான் மொதல்ல படும்." "பாக்காம எப்படிம்மா இருக்க?" "நான் உன்னப் பாத்தா வளத்தேன்? தொட்டில்ல போட்டுட்டு ரேசன் கடைக்குப் போவேன், மண்ணெண்ணெய் வாங்கிட்டு அவகூட இவகூட நாலு வார்த்த பேசிட்டு வந்து பாத்தா, நீ எந்திரிச்சி என் சேலத் தலப்பக் கடிச்சிக்கிட்டுக் கெடப்ப. பல்லு மொளைக்கலன்னாலும் கடிப்ப." வைத்துவிட்டாள். பார்த்தால் கண் படும், பார்க்காவிட்டால் மறந்துவிடும். நடுவில் நான் ஒரு சட்டம் கண்டுபிடித்திருக்கிறேன், நேராகப் பார்க்காமல் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பது, ஓரக்கண்ணில் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பிடித்துக்கொள்வது. ஓரக்கண் படாது. இந்தச் சட்டத்தால் எனக்குக் கழுத்து வலி. ஏறியது. இறங்கியது. ஏறியது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், நான் கேட்காமல் எதையும் செய்யாதவள். பாளையங்கோட்டையில் அந்த கான்வென்ட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் கையைத் தூக்கி, மே ஐ சிஸ்டர், அவர் தலையை ஆட்டினால் எழுந்து, ஆணியில் தொங்குகிற மரப்பலகையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வகுப்புக்கு ஒரே பலகை. ஒருத்தி போய்த் திரும்பி வராமல் இன்னொருத்தி போக முடியாது. தாகம் எடுத்தால்கூட முதலில் எனக்கு ஞாபகம் வருவது தண்ணீர் அல்ல, பலகை ஆணியில் இருக்கிறதா என்பது. முதல் நாள் சிஸ்டர் ஜெரால்டின் வருகைப் பதிவில் என் பெயரைப் பார்த்து நிறுத்தி, இசக்கியம்மாள், வாட் டஸ் இட் மீன் என்றார், வகுப்பு சிரித்தது, நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன், அதற்கும் சிரித்தார்கள். கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது பலகை கிடையாது, ஆனால் கழுத்து அதை மறக்கவில்லை. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் என்னோடு வந்திருந்தது, முதுகில் கோபுர முத்திரை. அதில்தான் க்ரே ஃபெரி. படகோட்டியின் மகள், அப்பா பனிக்குள் போய்த் திரும்பவில்லை, அவள் படகை எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போய் அணைந்த விளக்குகளை ஏற்ற வேண்டும். முதலில் ஒரு ஊர். ஊர் எல்லையில் ஒரு பெரிய மரக்கதவு, அதற்கு அந்தப் பக்கம் படகுத்துறை, கதவு முன்னால் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு காவல்காரன். அவனிடம் போய்ப் பேசினால் ஒரே வரி சொல்வான், பனி இறங்கியிருக்கிறது. மறுபடி பேசினால் மறுபடி அதே, பனி இறங்கியிருக்கிறது. சரி என்று திரும்பி வந்தேன். ஊரில் எல்லோருக்கும் வலை பின்னிக் கொடுத்தேன், கோழிக்குத் தீனி போட்டேன், மீன் விற்கிறவளின் தொலைந்த கத்தியைத் தேடிக் கொடுத்தேன், எண்ணெய் சேர்த்தேன், திரும்பப் போய்க் கேட்டேன், பனி இறங்கியிருக்கிறது. பனி விலகட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்தேன். அந்த செமஸ்டரில் பாதி அந்தக் கதவு முன்னால்தான். அறைத் தோழி டயானா ரோஸ், தூத்துக்குடிக்காரி, ஒரு நாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னுமா இந்த ஊர்லயே கெடக்க?" "விட மாட்டேங்கான்." "யாரு?" "வாட்ச்மேன்." "என்ன சொன்னான்?" "பனின்னான்." "போகாதன்னு சொன்னானா?" நான் யோசித்தேன், அவன் அப்படிச் சொல்லவில்லை. "போன்னும் சொல்லலியே" என்றேன். "ஏ லூசு, கதவத் தள்ளுடி." தள்ளினேன். திறந்தது. பூட்டே கிடையாது. காவல்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயானா தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை எல்லாம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு ஹாஸ்டலில் எனக்குப் பெயர் வாட்ச்மேன் பொண்டாட்டி. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட, "என்னம்மா, வீட்டுக்காரர் உத்தரவு குடுத்துட்டாரா, ரெண்டாம் கரண்டி ஊத்தலாமா" என்று கேட்பார்.

நிஜ வீட்டுக்காரரிடமும் இன்றைக்குக் கேட்டேன். டீ இடைவேளையில் பேச்சிமுத்து கூப்பிட்டபோது, பின்னால் மெஷின் இரைச்சல், யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம். "பாப்பா?" "தூங்குது." "நீ?" "பாத்துக்கிட்டு இருக்கேன்." அவர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். அந்த உறிஞ்சலை நான் நன்றாகப் படிப்பேன், நீ இப்படியே போனால் நீதான் ஆஸ்பத்திரியில் படுப்பாய் என்று அதற்கு அர்த்தம். "ஏங்க, நான் ஒரு கேம் வாங்கவா?" "என்ன கேமு?" "முன்ன காலேஜ்ல ஆடுனது. புதுசாக்கி விட்டிருக்காங்க. இன்னைக்கோட சலுக முடியுது." "வாங்கேன்." "வாங்கவா?" "வாங்கேன்னுதான சொல்லுதேன்." "வேண்டாம்னா சொல்லிருங்க." "நான் எதுக்கு வேண்டாங்கேன்? உன் இஷ்டம்ட்டி." "இல்ல, பாப்பா..." "ஏன், அவளும் ஆடணுங்காளா?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். "டீ ஆறுது, வைக்கேன். சாப்டுட்டியா? சாப்டு." அவ்வளவுதான். வாங்கேன் என்றார், உன் இஷ்டம் என்றார், நல்ல மனுஷர், ஆனால் எனக்கு வேண்டிய வார்த்தை அது இல்லை. வாங்கு, நீ பார்க்காத நேரத்திலும் பாப்பா இருப்பாள் என்று அவர் சொல்ல வேண்டும். அதை அவர் எப்படிச் சொல்வார். டாக்டர் சொன்னார், அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கலாவதியக்கா ஓடாமல் நடந்து வந்ததே அதைத்தான் சொன்னது, அதையும் நான் கேட்கவில்லை. யார் சொன்னால் கேட்பேன் என்று எனக்கே தெரியாமல், ஓரக்கண்ணைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு, போனில் அந்த விளம்பரத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று சின்ன எழுத்தில் நீளமாகப் போட்டிருந்தார்கள். பனி இப்போது காற்றுக்கு ஏற்றபடி அசையும். முகங்கள் புதிதாக வரையப்பட்டிருக்கின்றன. வடக்கே ஒரு தீவு சேர்ந்திருக்கிறது. அப்புறம் இது: முதல் ஊரின் கதவருகே நிற்கும் காவல்காரனின் பேச்சு மாற்றப்பட்டிருக்கிறது, பழைய ஆட்டத்தில் மிகப் பலர் அவன் அனுமதி தருவான் என்று காத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, இனி அவன், கதவு திறந்துதான் இருக்கிறது, போகலாம் என்பான். மிகப் பலர். நான் பாப்பாவின் துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன், இல்லையென்றால் அந்தச் சிரிப்புக்கு மாடி முழுக்க எழுந்திருக்கும். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர், ஸ்டூல் கிறீச்சிடுகிறது. மிகப் பலரா. எந்தெந்த ஊரில் எத்தனை கான்வென்ட் இருக்கிறது, எத்தனை ஆணியில் எத்தனை பலகை. உலகம் பூராவும் எத்தனை பேர் அந்தக் கதவு முன்னால் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து வந்து நின்றிருக்கிறோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே கம்பளிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு. டயானாவுக்கு இதை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டேன். உடனே பதில், அவளும் சும்மாதான் இருக்கிறாள் போல: "உன் புருஷன் கடைசில வாயத் தொறந்துட்டாரா." துண்டை மறுபடி வாயில் வைத்தேன்.

சிரித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. சிரித்த நேரம் முழுக்க நான் தொட்டிலைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணாலும் இல்லை. வெடுக்கென்று திரும்பினேன், நெஞ்சு இறங்கியிருந்தது, ஏறவில்லை, ஏறவில்லை, என் விரல் தானாகப் போய் அவள் உள்ளங்காலில் நின்றது. கட்டைவிரலால் நடுவிரலை மடக்கிப் பிடித்துச் சுண்டத் தயாராக, கேரம் போர்டில் கடைசிக் காயை அடிக்கப் போகிறவள் மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இதைச் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூச்சை இழுப்பாள், நானும் நான்தான் இழுக்க வைத்தேன் என்று எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு தடவையாவது சுண்டாமல் இருந்து பார்த்திருக்கிறேனா. பார்த்ததில்லை. பனி இறங்கியிருக்கிறது, பனி இறங்கியிருக்கிறது. ஏனோ அப்போது எங்கள் ஊர் பைபாஸ் ஓரத்து இசக்கியம்மன் வந்து நின்றாள். சிமென்ட் மேடையில், சிவப்புச் சேலை வரைந்து, உருட்டின கண்ணோடு, இடுப்பில் ஒரு பிள்ளை. அவள் பெயரையே எனக்கு வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டவள். சிஸ்டர் ஜெரால்டினுக்கு நான் கடைசிவரை சொல்லாத பதில். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவளைப் பார்த்திருக்கிறேன், சின்ன வயதில் பயம், லாரி டிரைவர்கள் ஹாரனை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு பெரிய கண். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ரோட்டைப் பார்க்கிறது. வருகிற போகிற எல்லாவற்றையும் நேருக்கு நேர் பார்க்கிறது. பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளை இடுப்பில் அதுபாட்டுக்கு இருக்கிறது, கையால் ஒரு பிடி, அவ்வளவுதான், குனிந்து அதன் நெஞ்சை எண்ணிக்கொண்டிருக்கிற இசக்கியை எந்தக் குயவனும் எங்கேயும் செய்து வைக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தால் அவளுக்கு எவன் பயப்படுவான். இதெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. நான் விரலை எடுத்தேன். சொன்னால் சின்னதாகத்தான் இருக்கும், விரலை எடுத்தேன் என்று. கையை மடியில் வைத்து மற்றக் கையால் அமுக்கிக்கொண்டேன். ஆதிரையின் நெஞ்சு ஏறியது. என்னைக் கேட்காமல். உதட்டை ஒரு சப்புச் சப்பி, கையை இறக்கி, மறு பக்கம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். ரொம்ப மரியாதைக்காரி.

அப்போதுதான் வாங்கினேன். பழைய கணக்கின் கடவுச்சொல் விரலுக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை. எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு வசதி புதிதாக வைத்திருக்கிறார்கள், முன்பெல்லாம் விளக்குக் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நிறுத்த முடியும். அதன் கீழே தாடி வைத்த ஒருத்தன் எழுதியிருந்தான், இது ஆட்டத்தைக் கெடுக்கும், சோம்பேறிகளுக்கான வசதி. தம்பி, உனக்கு எப்போதாவது பால் கட்டியிருக்கிறதா. நான் யார் தெரியுமா உனக்கு. இரண்டு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் அரசாங்க லேப்டாப்பை வைத்து, அடியில் மெஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு, அது சூட்டில் அணைந்துபோகாமல் கடைசிக் கடலைக் கடந்தவள். படம் விட்டு விட்டுத்தான் நகரும், துடுப்பை இப்போது போட்டால் கொஞ்சம் கழித்துத்தான் படகு அசையும், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே போட வேண்டும். எண்ணெய் தீர்ந்து லாந்தர் சிவப்பாகி, எங்கே பார்த்தாலும் சாம்பல் சுவர், டயானா அந்த இடத்தில் எத்தனையோ தடவை மூழ்கிவிட்டாள், நல்ல லேப்டாப் வைத்திருந்தும். எனக்குப் பின்னால் வராந்தாவரை பெண்கள் நின்றார்கள். கலங்கரை விளக்கின் அடிக்கல் சாம்பலுக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பான சாம்பலாகத் தெரிந்தபோது, "வாட்ச்மேன் பொண்டாட்டி, விட்ராதடி" என்று டயானா கத்தியதில் வார்டன் எழுந்து வந்தார். விளக்கு எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஹாஸ்டல் அறையே மஞ்சளாயிற்று. வார்டன் திட்ட வந்தவர், நின்று பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா? போய்ப் படுங்க" என்றார். அது நான். இந்த ஸ்டூலில் கழுத்து வலியோடு உட்கார்ந்திருக்கிறவளும் அவள்தான், வேறு யாரும் நடுவில் வந்து மாற்றி உட்காரவில்லை.

ஹாலில் கம்ப்யூட்டர் அந்த ஆட்டத்தை இறக்கிக்கொள்கிறவரை தொட்டில் பக்கத்திலேயே இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் எழுந்தேன். பெட்ரூம் கதவைச் சாத்தவில்லை, திறந்தும் போடவில்லை, திரைச்சீலை அதுபாட்டுக்குத் தொங்கியது. ஹாலில் நாற்காலியை மேஜைப் பக்கம் திருப்பிப் போட்டேன், அப்படிப் போட்டால் பெட்ரூம் என் முதுகுக்குப் பின்னால். முதுகு முழுக்க எறும்பு ஊர்கிறது. ஊரட்டும். திரையில் ஊர் வந்தது, அதே ஊர், ஆனால் கோழிகளுக்கு இறகு இருக்கிறது, மீன் விற்கிறவளுக்கு ஒரு பல் இல்லை, அவள் சிரிக்கிறாள். வலை பின்னச் சொல்லி ஒருத்தன் கூப்பிட்டான், நான் நிற்கவில்லை. கதவு முன்னால் கம்பளிக் கோட்டுக்காரன். கொஞ்சம் வயசாகியிருக்கிறது அவனுக்கு, தாடியில் பனித்துளி. புதிதாக என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் கழித்து அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஆசையாகவும் இருந்தது. ஆனால் பேசுகிற பொத்தானை நான் தொடவே இல்லை. அவன் பக்கத்தால் நடந்து, கதவைத் தள்ளி, துறைக்கு இறங்கினேன். படகில் லாந்தரை ஏற்றி, கயிற்றை அவிழ்த்து, துடுப்பைப் போட்டதும் அதே நொடியில் படகு நகர்ந்தது, காத்திருக்க வேண்டியதே இல்லை, எவ்வளவு லேசு, எனக்குச் சிரிப்பு வந்தது. பனி வந்தது. வந்து கன்னத்தில் படுகிற மாதிரி வந்தது. அவள் திரும்பிப் பார்க்கும்போது அந்த மூக்கு நுனியில் லாந்தர் வெளிச்சம். அலை, துடுப்பு, எங்கேயோ ஒரு மணி, முன்பு இந்த மணி எனக்குக் கேட்டதே இல்லை, ஹாஸ்டலில் சத்தத்தை அடைத்துத்தான் ஆடுவோம். மணி வலப்பக்கம் கேட்டால் பாறை இடப்பக்கம். ஆகா, இதற்குத்தானா அந்த மணி. இது தெரியாமலா நான் ஜெயித்தேன். முதல் தீவின் கரை பனிக்குள் ஒரு கோடாக வந்தது, நீரோட்டம் இழுக்கிறது, இங்கே விட்டால் படகு சுழன்று பாறைக்குப் போய்விடும், இரண்டு கையும் வேண்டும், கண் முழுசாக வேண்டும். எப்போதிலிருந்து முதுகில் எறும்பு இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நினைப்பு வந்ததும் கை துடுப்பில் நின்றது, எவ்வளவு நேரமாக, எவ்வளவு நேரமாக நான். அப்போது உள்ளேயிருந்து ஆரம்பித்தாள். முனகல் கிடையாது, சிணுங்கல் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கத்தல், நெஞ்சு முழுக்கக் காற்றை நிரப்பி, நிறுத்தி, மறுபடி நிரப்பி, யாரடி இங்கே, எங்கே போனீர்கள் எல்லாரும், எனக்குப் பசிக்கிறது என்று மாடி முழுக்க அறிவித்தாள். அத்தனை காற்றையும் அவளே சேர்த்து வைத்திருக்கிறாள், நான் பார்க்காத நேரத்தில், ஒரு மூச்சுகூடத் தவறாமல். நிறுத்துகிற பொத்தான் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் துடுப்பை விடவில்லை. திரைச்சீலைப் பக்கம் தலையை மட்டும் திருப்பி, சந்தோஷமாக, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னேன், "ஏட்டி, இருட்டி. இந்தா வாறேன். கரை வந்துட்டு."